டைனமோ போன டிராக்டருக்குக் கார் ஆல்டர்னேட்டர் பொருந்துமா?

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் வட்டாரத்தில் உழவுக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஆடியில் ஒரு மழை விழுந்தால் மானாவாரிக் கடலைக்குக் கொல்லையை உழ வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் கண்மாயில் தண்ணீர் ஏறியவுடன் நெல்லுக்குச் சேற்றுழவு தொடங்கிவிடும். செம்மண்ணில் ஈரம் நாலைந்து நாளுக்கு மேல் நிற்காது. ஆகவே சொந்த நிலத்தை உழுதுவிட்டு அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கும் ஓட்டும் சிறு விவசாயிகள் இரவிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உழுவது வழக்கம்.

அந்த நேரம் பார்த்து விளக்கு மங்கும். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்துடன் நின்றுவிடும். டீசல் என்ஜின் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகையால் டைனமோ பழுதாகி இரண்டு மூன்று நாள் ஆகியும் பலருக்கு அது தெரிவதில்லை. பேட்டரி முழுதும் வடிந்த பிறகுதான் தெரிகிறது. அதன் பிறகு வண்டியைக் கண்மாய்க்கரைச் சரிவில் நிறுத்தி வைத்து, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பாடு தொடங்குகிறது. ஆனால் உருட்டி ஸ்டார்ட் செய்த வண்டியில் இரவு உழவு கிடையாது. நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு இருட்டில் சாலையில் செல்வதோ உயிருக்கே ஆபத்து.

பழைய டிராக்டர்களுக்கு அதே வகை டைனமோ தேடினால் உடனே கிடைப்பதில்லை. கிடைக்கும் பழசும் எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்வதற்கில்லை. காயலான் கடையிலோ கார் ஆல்டர்னேட்டர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி மாட்டலாமா என்ற கேள்வி இப்படித்தான் எழுகிறது.

மாட்டலாம். ஆனால் கையில் கிடைத்த எதையும் மாட்டலாம் என்பதல்ல. 12 வோல்ட் மின்சாரம், நெகட்டிவ் எர்த், நேர்கோட்டில் ஓடும் பெல்ட், தடித்த கம்பி ஆகிய நான்கும் சரியாக இருந்தால் கார் ஆல்டர்னேட்டர் டிராக்டரில் பல ஆண்டுகள் உழைக்கும். ஒன்று தவறினாலும் புதிய ஆல்டர்னேட்டரோ, பேட்டரியோ, கம்பிகளோ கருகும்.

முதலில் பார்க்க வேண்டியவை

மாற்றும் யோசனைக்கு முன் பழுது டைனமோவில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் சார்ஜ் ஏறாது. பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூஞ்சைபோல் உப்புப் பூத்திருந்தாலும், எர்த் கம்பியின் போல்ட்டில் துரு ஏறியிருந்தாலும் இதே கோளாறுதான் தெரியும். வெந்நீரில் சோடா உப்புக் கரைத்து முனைகளைக் கழுவி, சுரண்டித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் பல வண்டிகள் அன்றே சரியாகிவிடுகின்றன.

அடுத்தது கார்பன் பிரஷ். தேய்ந்த பிரஷை மாற்றுவதும், கரி படிந்த காமுட்டேட்டரைத் துடைப்பதும் சிறிய செலவு. ஏற்கெனவே ஆல்டர்னேட்டர் உள்ள டிராக்டராக இருந்தால் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு, பேரிங் என ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்ற முடியும். 'மொத்தமாக மாற்றிவிடலாம்' என்று சொல்லும் மெக்கானிக்கிடம், எது போயிருக்கிறது என்று கேட்கத் தயங்கக் கூடாது. அந்த மாடலுக்கே உரிய ஆல்டர்னேட்டர் கிடைக்குமானால் அதைப் போடுவதே மேல். வேறு மாடலைத் தேடுவது இரண்டாவது வழிதான்.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்

தமிழகத்தில் டிராக்டர் பரவிய கதையும் மோட்டார் மின்சாதனங்களின் கதையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்குகின்றன. டாஃபே நிறுவனம் சென்னையில் 1960இல் தொடங்கப்பட்டது. பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. அந்நாளில் டிராக்டர், கார் எல்லாவற்றிலும் டைனமோதான். அமெரிக்காவில் 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் பிறகு உலகெங்கும் டைனமோ படிப்படியாக விலகியது.

டைனமோவில் மின்சாரம் உண்டாகும் காயில் சுழல்கிறது. அந்த மின்சாரம் முழுவதையும் காமுட்டேட்டர் வழியாகப் பிரஷ்கள் எடுத்துத் தர வேண்டும். எனவே பிரஷ் விரைவில் தேய்கிறது. என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஒன்றும் தருவதில்லை. அப்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுப்பது கட்டவுட் பெட்டியின் வேலை.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். மின்சாரம் உண்டாகும் காயில் அசையாமல் வெளியே நிற்கிறது. உள்ளே சுழலும் ரோட்டாருக்குச் சில ஆம்பியர் மட்டுமே பிரஷ் வழியே செல்கிறது. ஆகையால் பிரஷ் நெடுநாள் வருகிறது. குறைந்த வேகத்திலும் சார்ஜ் கிடைக்கிறது. உண்டாகும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குபவை டயோடுகள். கிணற்று பம்ப்செட்டில் புட் வால்வு தண்ணீரை மேலே விட்டுத் திரும்ப இறங்கவிடாமல் பிடிப்பதுபோல், டயோடு மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டுமே விடும். எனவே ஆல்டர்னேட்டருக்குக் கட்டவுட் பெட்டி தேவையில்லை.

ஆனால் புட் வால்வுக்கு இல்லாத ஒரு பலவீனம் டயோடுக்கு உண்டு. பேட்டரி முனைகளை ஒரு நொடி மாற்றித் தொட்டாலும் அது எரிந்துவிடும்.

எர்த் எந்தப் பக்கம்?

பெரும்பாலான விபத்துகள் இதில்தான் நேர்கின்றன. பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே வண்டிச் சட்டத்தில் இணைக்கப்பட்டிருக்கும். இன்று கிடைக்கும் கார் ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் எர்த் கொண்டவை. பழைய டிராக்டரில் எந்த முனை சட்டத்துக்குப் போகிறது என்பதைப் பேட்டரியில் உள்ள பிளஸ், மைனஸ் குறியைப் பார்த்து முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பக் கூடாது. யாரோ எப்போதோ கையில் கிடைத்த கம்பியைப் போட்டிருப்பார்கள்.

பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் பேட்டரியைத் திருப்பி வைத்து, நெகட்டிவ் முனையைச் சட்டத்தில் இணைக்க வேண்டும். பாசிட்டிவ் முனை சற்றுத் தடிப்பாக இருப்பதால் பழைய கிளாம்புகள் மாறிப் பொருந்தா. புதிய கிளாம்பு போட வேண்டும். சுத்தியால் தட்டி நுழைக்கக் கூடாது. ஆம்பியர் மீட்டரின் இரு கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும்போது முள் இறங்குவதாகக் காட்டும். விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் இதனால் தொல்லை இல்லை. காயில் வைத்த பழைய வகை செல்ஃப் மோட்டாரும் அதே பக்கமாகவே சுழலும். பின்னாளில் சேர்த்த செல்போன் சார்ஜர், பாட்டுப் பெட்டி போன்றவற்றைக் கழற்றி வைத்து, இணைப்பைச் சரிபார்த்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

வாங்கும்போது

பின்புறத்தில் ஒட்டியுள்ள தகட்டைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் என்று இருக்க வேண்டும். லாரி, பஸ்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 24 வோல்ட் ஆகும். அதை 12 வோல்ட் பேட்டரிக்கு மாட்டினால் பேட்டரி கொதித்து நாறும். தகடே இல்லாத ஆல்டர்னேட்டரை எலக்ட்ரீசியன் கடையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

டீசல் கார், ஜீப், வேன் ஆகியவற்றின் ஆல்டர்னேட்டர் சிலவற்றில் பின்பக்கம் ஒரு கும்பா போன்ற பகுதி ஒட்டியிருக்கும். அது பிரேக்குக்கான வேக்குவம் பம்ப். அதற்கு என்ஜின் ஆயில் ஓயாமல் வந்து போக வேண்டும். டிராக்டரில் அந்த ஆயில் இணைப்புக்கு இடமில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டினால் பம்ப் இறுகிப் பிடித்து, பெல்ட்டையும் அறுத்துவிடும். சாதாரண பெட்ரோல் கார் ஆல்டர்னேட்டரில் இந்தத் தொந்தரவு இல்லை.

அண்மைக்காலப் புதிய கார்கள் சிலவற்றில் சார்ஜ் அளவை என்ஜினின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அத்தகைய ஆல்டர்னேட்டரை டிராக்டரில் மாட்டினால் சரியாக வேலை செய்யாது. ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்து, தானே இயங்கும் பழைய எளிய வகையே ஏற்றது.

ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் மணல் அரைபடுவதுபோன்ற சத்தம் வரக் கூடாது. பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. சொருகும் சாக்கெட் உடைந்திருந்தால், அதற்குரிய சாக்கெட்டையும் ஒரு சாண் கம்பியோடு அறுத்து வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். கம்பியை நேராகச் சுற்றிவிட்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுவது டிராக்டர் அதிர்ச்சிக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது.

எத்தனை ஆம்பியர் வேண்டும்?

பெரிய ஆல்டர்னேட்டராகப் போட்டால் பேட்டரிக்கு அதிகம் நல்லது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கணக்கைப் பார்த்தால் அது தேவையில்லை என்று தெரியும். முன்விளக்கு இரண்டும் தலா 45 வாட் என்றால் 90. பின்னால் கலப்பையைக் காட்டும் விளக்கு 35. சிறு விளக்குகள் எல்லாம் சேர்த்து 20. ஆக மொத்தம் 145 வாட். இதை 12ஆல் வகுத்தால் சுமார் 12 ஆம்பியர். பழைய லூகாஸ் டைனமோக்களில் 11 ஆம்பியர் தருவதும் உண்டு, 22 ஆம்பியர் தருவதும் உண்டு. 11 ஆம்பியர் வகை வைத்த வண்டியில் எல்லா விளக்கையும் போட்டு இரவெல்லாம் உழுதால் பேட்டரி ஏன் இறங்குகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இந்தத் தேவைக்குத் தாராளம். முழுச் சுமையில் அது என்ஜினிடமிருந்து ஏறத்தாழ ஒரு குதிரைத் திறன்தான் எடுத்துக்கொள்ளும். 35 குதிரைத் திறன் டிராக்டருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் கம்பிக்குத் தெரியும். வடிந்துபோன பேட்டரி, ஸ்டார்ட் செய்தவுடன் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தையெல்லாம் ஒரேயடியாக இழுக்கும். டைனமோ காலத்துக் கம்பி அதற்காகப் போடப்பட்டதல்ல. குறுகலான வாய்க்காலில் மதகை முழுதும் திறந்துவிட்டால் கரை உடைவதுபோல, கம்பியின் உறை உருகி, டீசல் டாங்க் அருகிலேயே தீப்பிடிக்கக்கூடும். எனவே ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத புதிய செம்புக் கம்பியைச் செல்ஃப் மோட்டாரில் பேட்டரிக் கம்பி வந்து சேரும் போல்ட்டுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். இடையில், பேட்டரிப் பக்கமாக, 50 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அவசியம். இவ்வாறு செய்தால் பழைய ஆம்பியர் மீட்டர் சார்ஜைக் காட்டாது. அதற்குப் பதில் ஒரு வோல்ட் மீட்டரை வைத்துக்கொள்வது உத்தமம்.

கட்டவுட் பெட்டியை என்ன செய்வது?

கட்டவுட் பெட்டியை இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதை அப்படியே வைத்து ஆல்டர்னேட்டரை இணைத்தால் இரண்டும் கெடும். பழைய லூகாஸ் பெட்டிகளில் ஏ, ஏ1, எஃப், டி, இ என்று ஐந்து முனைகள் இருக்கும். ஏ முனை பேட்டரிப் பக்கம், ஏ1 விளக்குகளின் பக்கம். இந்த இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் விளக்குகளுக்கு மின்சாரம் தொடர்ந்து கிடைக்கும். டைனமோவிலிருந்து வந்த தடித்த டி கம்பி இனித் தேவையில்லை. டி முனையில் சார்ஜ் விளக்கிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஒன்றும் சேர்ந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்து, சும்மா நிற்கும் எஃப் கம்பியோடு இணைத்து, அதன் மறுமுனையை ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு முனைக்குக் கொடுக்க வேண்டும். அந்த முனையில் டி பிளஸ், எல், அல்லது ஐஎன்டி என்று எழுதியிருக்கும்.

இந்தச் சிறு விளக்கை வெறும் அடையாள விளக்கு என்று விட்டுவிடக் கூடாது. அதன் வழியே செல்லும் சிறிதளவு மின்சாரம்தான் ரோட்டாரில் காந்தத்தைத் தூண்டி ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு எரிந்து போயிருந்தால், நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் கொடுக்காமல் தூங்கும். 2 அல்லது 3 வாட் சாதாரண இழை பல்பே வேண்டும். எல்இடி பல்பு போட்டால் போதிய மின்சாரம் போகாது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைந்தால் இணைப்புச் சரி.

சில ஆல்டர்னேட்டர்களில் எஸ் என்ற இன்னொரு முனை இருக்கும். பேட்டரியின் வோல்ட்டை அறிந்துகொள்வதற்கான கம்பி அது. அதைப் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் இணைக்காமல் விட்டால் சார்ஜ் அளவு தவறக்கூடும். டிராக்டரின் மணி மீட்டர் மின்சாரத்தால் இயங்குவதானால் டபிள்யூ முனை வேண்டும். கார் ஆல்டர்னேட்டர் பலவற்றில் அது இருக்காது. கேபிளில் ஓடும் பழைய மீட்டருக்கு இந்தக் கவலை இல்லை.

பிராக்கெட்டும் புல்லியும்

மின்சார வேலையைவிட அன்னவாசலிலோ இலுப்பூரிலோ உள்ள ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யும் பிராக்கெட் வேலைதான் ஆல்டர்னேட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை. நீளமான டைனமோவுக்கு இரண்டு தாங்கிகள் இருந்த இடத்தில், குட்டையான ஆல்டர்னேட்டர் வந்து உட்கார வேண்டும். இடைவெளியை நிரப்ப வாஷர்களை அடுக்குவதைவிட, ஓர் இரும்புக் குழாய்த் துண்டை அளவாக வெட்டிப் போடுவது உறுதியானது. மரக்கட்டை, ரப்பர் போன்றவற்றை வைக்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் தன் உடல் வழியாகவே எர்த் பெறுகிறது. எனவே பிராக்கெட் தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, தனியாக ஓர் எர்த் கம்பியும் என்ஜின் பிளாக்குக்குக் கொடுப்பது நல்லது.

கிராங்க் புல்லி, விசிறிப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நேரான இரும்புச் சட்டத்தை மூன்றின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சற்று விலகினாலும் பெல்ட் ஓரம் நார் நாராகப் பிய்யும். அந்த பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது என்பதால், அது அறுந்தால் என்ஜினும் சூடாகும்.

புல்லியின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கிராங்க் புல்லி 6 அங்குலம், டைனமோ புல்லி 4 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், என்ஜின் ஒரு சுற்றுச் சுற்ற டைனமோ ஒன்றரைச் சுற்றுச் சுற்றும். என்ஜின் 650 சுற்றில் சும்மா நிற்கும்போது அது 975 சுற்றுதான். பொதுவாக ஆல்டர்னேட்டருக்குச் சார்ஜ் தொடங்கவே 1000 சுற்றுக்கு மேல் வேண்டும். அதனுடன் வரும் இரண்டரை அங்குலச் சிறிய புல்லியையே வைத்தால் 650 சுற்றில் 1560 கிடைக்கும். என்ஜின் 2000 சுற்றில் ஓடும்போது 4800 ஆகும். காரில் 10,000 சுற்றுக்கு மேலும் தாங்கும்படி செய்யப்பட்ட பொருள் என்பதால் இது பயப்படத்தக்க வேகமல்ல. ஆகவே பழைய டைனமோ புல்லியைத் துளை பெரிதாக்கி மாட்டும் யோசனையை விட்டுவிடலாம். பெல்ட்டின் அகலம் மட்டும் புல்லியின் பள்ளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வி-பெல்ட் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களையும் கவ்வ வேண்டும், அடியைத் தொட்டால் வழுக்கும். பட்டை வடிவ பெல்ட்டுக்கான பல பள்ளப் புல்லியுடன் வரும் புதிய ஆல்டர்னேட்டர் இதற்கு உதவாது. மாட்டிய பின் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் போதும்.

ஆல்டர்னேட்டரை எந்தப் பக்கம் சுற்றினாலும் மின்சாரம் வரும். ஆனால் அதன் விசிறியின் இறகுகள் சாய்வாக அமைந்திருந்தால், எதிர்ப்பக்கம் சுற்றும்போது காற்று போதாமல் சூடாகி டயோடு போகும்.

சரிபார்ப்பு

மல்டிமீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து பேட்டரி முனைகளில் தொட்டால், நன்றாகச் சார்ஜான பேட்டரி என்ஜின் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். எல்லா விளக்கையும் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 14.8க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் பழுது. அப்படியே ஓட்டினால் பேட்டரியில் தண்ணீர் அடிக்கடி வற்றும். அரைமணி நேரம் ஓட்டிய பின் புதிய கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு பாதகமில்லை. கை சுட்டால் கம்பியோ இணைப்போ போதவில்லை என்று பொருள்.

சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து சில மெக்கானிக்குகளிடம் தொடர்கிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதை அனுமதிக்கவே கூடாது. கம்பி விலகும் நொடியில் வோல்ட் தாறுமாறாக ஏறி டயோடு எரியும். அதுபோலவே டிராக்டரிலோ, இணைத்த டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும்.

கார் ஆல்டர்னேட்டர் சேற்றுழவுக்காகச் செய்யப்பட்டதல்ல. கேஜ் வீல் வாரி அடிக்கும் சேறும், கடலைக் கொல்லையின் செம்புழுதியும் அதன் துளைகள் வழியே உள்ளே போகும். மேலேயும் சக்கரத்தின் பக்கமும் ஒரு தகர மறைப்பு வைத்து, மற்ற பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடலாம். சாக்கு சுற்றிக் கட்டினால் சூட்டிலேயே போய்விடும். கண்மாயில் வண்டி கழுவும்போது அதன்மேல் நேராகத் தண்ணீர் அடிக்காமல், சேறு காய்ந்த பின் பிரஷால் தட்டிவிட வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள புது டிராக்டரில் இந்த வேலையைச் செய்யக் கூடாது, கம்பெனி டீலரிடம்தான் போக வேண்டும். பழைய வண்டியில் மாற்றுபவர்கள், கழற்றிய டைனமோ, கட்டவுட், பிராக்கெட், போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய நிலையிலேயே வண்டியை வாங்க விரும்புபவர்கள் உண்டு. புதிய இணைப்பின் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த வண்டியின் ஆல்டர்னேட்டர், பெல்ட் எண் என்ன என்பதையும் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டால் அடுத்த மெக்கானிக் தடுமாற மாட்டார்.